பத்து நாளில் நின்றுபோகும் யோகம்: ஒரு வாசகரின் கேள்விக்கு விடை

கேள்வி: எனக்கு வயது 41. அலுவலகப் பொறுப்பும் குடும்பமும் உள்ளவன். பதஞ்சலியின் யோக சூத்திரத்தை உரையுடன் இருமுறை படித்திருக்கிறேன். படிக்கும்போது எல்லாம் விளங்குகிறது. ஆனால், காலையில் ஒரு மணி நேரம் தியானத்தில் அமர வேண்டும் என்று எவ்வளவு வைராக்கியத்தோடு தொடங்கினாலும் பத்து நாளில் நின்றுவிடுகிறது. பகலிலோ, கைப்பேசியில் எரிச்சலூட்டும் ஒரு செய்தி வந்தால் போதும். கோபத்தில் ஏதாவது பதில் அனுப்பிவிட்டு இரவெல்லாம் வருந்துகிறேன். துறவிகளுக்காகச் சொல்லப்பட்டது போலத் தோன்றும் இந்தத் தத்துவத்தை என்னைப் போன்றவர்கள் அன்றாடம் கடைப்பிடிக்க இயலுமா? எங்கிருந்து தொடங்குவது?

விடை: இயலும். எங்கிருந்து தொடங்குவது என்பதற்கு, உங்கள் கேள்வியில் உள்ள ஒரு சொல்லையே முதலில் எடுத்துக்கொள்கிறேன். தமிழ்ப் பேச்சு வழக்கில் வைராக்கியம் என்றால் விடாப்பிடி. 'வைராக்கியமாகப் படித்து முன்னேறினாள்' என்கிறோம். யோக நூலில் அதன் பொருள் ஏறக்குறைய இதற்கு நேர்மாறானது. 'ராகம்' என்பது மனத்தில் ஏறிய பற்றின் சாயம். அந்தச் சாயம் நீங்கிய நிலையே வைராக்கியம். நீங்கள் பல்லைக் கடித்துக்கொண்டு தொடங்கும்போது, 'நான் ஒரு மணி நேரம் அமர்பவன்' என்ற புதிய பற்று ஒன்று முளைத்துவிடுகிறது. ஒரு நாள் தவறினால் அந்தப் பற்றுக்கு அடி விழுகிறது. அடிபட்டதும் முயற்சியே கைவிடப்படுகிறது. 'மயான வைராக்கியம்' என்று நம் பெரியவர்கள் சொல்லி வைத்ததும், உணர்ச்சியின் உந்துதலில் வந்து அது தணிந்ததும் போய்விடும் இத்தகைய உறுதியைத்தான்.

யோக சூத்திரத்தின் முதல் பாதத்தில் (அத்தியாயத்தில்) உள்ள 12ஆம் சூத்திரம், மனத்தின் அலைவுகள் அடங்குவதற்கு அப்பியாசம் (தொடர்ந்த பயிற்சி), வைராக்கியம் ஆகிய இரண்டும் வேண்டும் என்கிறது. இதற்கு வியாச பாஷ்யம் என்னும் பழைய உரை தரும் உவமை அழகானது: மனம் என்பது இரு திசைகளிலும் ஓடக்கூடிய ஆறு, புலன்கள் நாடும் விஷயங்களை நோக்கி ஓடும் பெருக்கை வைராக்கியம் அடைக்கிறது, விவேகத்தை நோக்கிய பெருக்கை அப்பியாசம் திறந்துவிடுகிறது. ஒரு மதகை மூடாமல் மறு மதகை மட்டும் திறந்தால் வாய்க்காலில் எவ்வளவு நீர் வரும் என்பதை நான் விளக்கத் தேவையில்லை. உங்களுக்குக் காலையில் அப்பியாசம் இருக்கிறது. பகல் முழுவதும் மறு மதகு திறந்தே கிடக்கிறது.

ஆகவே காலை அமர்வைச் சுருக்குங்கள். 14ஆம் சூத்திரம் அப்பியாசம் வேரூன்றுவதற்கு மூன்று தகுதிகளைச் சொல்கிறது: நெடுங்காலம், இடைவிடாமை, மதிப்போடு செய்தல். நாளொன்றுக்கு எத்தனை நாழிகை என்ற பேச்சு அதில் இல்லை. பத்து நிமிடம் போதும். ஒரு நாள் தவறினால் மறுநாள் இருபது நிமிடமாக ஈடுகட்ட முயலாமல், வழக்கமான பத்து நிமிடத்துக்கே திரும்புங்கள். நிலைத்திருக்கச் செய்யும் முயற்சியே அப்பியாசம் என்று 13ஆம் சூத்திரம் சொல்வதால், விட்ட இடத்துக்குத் திரும்பி வருவதும் அப்பியாசத்தில் அடங்கியதுதான்.

இனி கோபத்தில் அனுப்பும் பதில். உங்கள் அன்றாட வாழ்வில் யோகத்துக்கு உண்மையான வேலை இருக்கும் இடம் இதுதான் என்பது என் கருத்து. யோகத்தின் எட்டு அங்கங்களில் இயமமும் (அகிம்சை முதலிய ஒழுக்கங்கள்) நியமமும் (தூய்மை முதலிய கடைப்பிடிப்புகள்) ஆசனத்துக்கு முன்பாக வைக்கப்பட்டுள்ளன. அவற்றுக்கு ஊறு நேரும்போது என்ன செய்வது என்பதை இரண்டாம் பாதத்தின் 33, 34ஆம் சூத்திரங்கள் சொல்கின்றன. அந்த வழியின் பெயர் 'பிரதிபக்ஷ பாவனை', அதாவது எதிர்ப்பக்கத்தை எண்ணிப் பார்த்தல். கோபம் வந்தால் அன்பை நினை என்று இதைச் சுருக்கிச் சொல்பவர்கள் பலர் உள்ளனர். கொதித்துக்கொண்டிருக்கும் மனத்தின்மேல் இனிய எண்ணத்தைப் பூசினால் அது ஒட்டுவதில்லை என்பது நீங்களே அறிந்ததாக இருக்கும். 34ஆம் சூத்திரம் கேட்பது அதைவிடக் கூர்மையானது. இந்தத் தீங்கை நான் செய்யப்போகிறேனா, பிறரைக் கொண்டு செய்விக்கிறேனா, அல்லது பிறர் செய்வதை ஆமோதிக்கிறேனா? இதற்கு முன்னால் நிற்பது பேராசையா, சினமா, மயக்கமா? இதன் அளவு மென்மையா, நடுத்தரமா, கடுமையா? இது முடிவற்ற துன்பத்தையும் அறியாமையையும் விளைவிக்கும் என்று எண்ணிப் பார்ப்பதே பிரதிபக்ஷ பாவனை என்று அச்சூத்திரம் முடிகிறது. அதாவது, எழுந்த எண்ணத்தை அடக்கச் சொல்லவில்லை. அது எங்கே கொண்டுபோய் விடும் என்பதைப் பார்க்கச் சொல்கிறது.

கைப்பேசியில் இதைச் செய்வது எளிது. பதிலைத் தட்டச்சு செய்யுங்கள். ஆனால் பெறுநரின் பெயர் இல்லாத வெற்றுக் குறிப்பில் எழுதுங்கள். பிறகு மூச்சை மெதுவாக, நீளமாக வெளிவிடுங்கள். மூச்சை வெளிவிடுவதையும் நிறுத்துவதையும் மனத் தெளிவுக்கான ஒரு வழியாக முதல் பாதத்தின் 34ஆம் சூத்திரம் சொல்கிறது என்றாலும், உயர் இரத்த அழுத்தமோ இதய நோயோ உள்ளவர்களும் கருவுற்ற பெண்களும் மூச்சை நிறுத்திப் பழகாமல், நீளமாக விடுவதோடு நின்றுகொள்வது நல்லது. ஐந்தாறு மூச்சுகளுக்குப் பின் மேற்கண்ட மூன்று கேள்விகளை எழுதியதன்மேல் வைத்துப் பாருங்கள். அதன் பின்னும் அனுப்பத்தக்கதாக இருந்தால் அனுப்புங்கள். உறுதியான மறுப்பு அகிம்சைக்கு விரோதமானதன்று.

ஆமோதித்தலும் கணக்கில் சேரும் என்பதை இங்கே சற்று அழுத்திச் சொல்ல வேண்டும். ஒருவரை இழிவுபடுத்தும் செய்தியை நாம் எழுதவில்லை. ஒரு சிரிப்புக் குறியை மட்டும் இட்டோம், குழுவில் பகிர்ந்தோம். நாமாகச் செய்யவில்லை என்ற ஆறுதலுக்கு இச்சூத்திரம் இடமே வைக்கவில்லை. 

கைப்பேசியை வேறு அறையில் வைப்பதைப் பிரத்தியாகாரம் என்று சிலர் சொல்வதுண்டு. பயனுள்ள ஏற்பாடுதான், குறிப்பாக உறங்கும் முன். ஆனால் பிரத்தியாகாரம் என்பது புலன்கள் விஷயங்களைத் தொடராமல் மனத்தைப் பின்பற்றி உள்ளடங்குவது. கருவி அடுத்த அறையில் இருக்க, மனமும் அங்கேயே இருக்குமானால் அது இன்னும் நிகழவில்லை.

எரிச்சலூட்டும் மனிதர்களைப் பொறுத்தவரை, இன்பத்தில் இருப்போரிடம் நட்பு, துன்பத்தில் இருப்போரிடம் கருணை, நல்லோரிடம் மகிழ்ச்சி, தீயோரிடம் உபேட்சை என்னும் முதல் பாதத்தின் 33ஆம் சூத்திரம் உங்களுக்கு நினைவிருக்கும். உபேட்சையைப் புறக்கணிப்பு என்று கொள்ளாதீர்கள். அவர்களது குறையை மனத்தில் சுமந்து திரியாமல் இருப்பது என்று கொண்டால் நடைமுறைக்கு ஒத்துவரும்.

ஒன்று கேட்க மறந்துவிட்டேன்: இரவெல்லாம் வருந்துகிறேன் என்று எழுதியிருக்கிறீர்கள், எவ்வளவு நேரம் உறங்குகிறீர்கள்? யோகத்துக்கு இடையூறுகள் ஒன்பதை அடுக்கும்போது பதஞ்சலி முதலில் வைப்பது நோயை. உறக்கமின்மையோ மனச்சோர்வோ சில வாரங்களாகத் தொடர்ந்தால், முதலில் மருத்துவரைப் பாருங்கள். அப்படி எதுவும் இல்லையெனில், வரும் ஒரு மாதத்துக்குக் காலைப் பத்து நிமிடமும், அனுப்பும் முன் அந்த மூன்று கேள்விகளும் மட்டும் போதும். அனுப்பாமல் விட்ட குறிப்புகளை அழித்துவிடாமல் வைத்திருந்து, மாத இறுதியில் ஒருமுறை படித்துப் பாருங்கள்.