தாழ்ந்த துருவமும் இலகுவான மவுண்டும்: வாசகர் கேள்வி – பதில்

கேள்வி: என்னிடம் 24 மெகாபிக்சல் கிராப் சென்சார் கேமராவும், ஒரு 50 மி.மீ. லென்ஸும், 200 மி.மீ. வரை போகும் ஜூம் லென்ஸும் உள்ளன. சாதாரண முக்காலியில் வைத்து எடுத்தால் விண்மீன்கள் கோடுகளாகி விடுகின்றன. நண்பரின் தொலைநோக்கியோடு வந்த, மேலும் கீழும் பக்கவாட்டிலும் திரும்பும் மோட்டார் மவுண்டை (கருவியைத் தாங்கித் திருப்பும் அமைப்பை) இரவல் வாங்கினால் போதாதா? – கோயம்புத்தூர் வாசகர்

பதில்: பூமி தன்னைத்தானே ஒருமுறை சுற்ற 23 மணி 56 நிமிடம் 4 விநாடி ஆகிறது. அதனால் வான நடுக்கோட்டை (பூமியின் நடுக்கோட்டுக்கு நேர் மேலே வானில் ஓடும் கோட்டை) ஒட்டியுள்ள ஒரு விண்மீன் விநாடிக்கு 15 விகலை நகர்கிறது. ஒரு பாகையில் 3,600 விகலை. உங்கள் கேமராவின் பிக்சல் அளவு ஏறக்குறைய 3.7 மைக்ரான். இதை 206-ஆல் பெருக்கி, லென்ஸின் குவியத் தூரத்தை மில்லிமீட்டரில் எடுத்து வகுத்தால், ஒரு பிக்சலுக்குள் வானம் எத்தனை விகலை அடங்குகிறது என்பது கிடைக்கும். 50 மி.மீ. லென்ஸில் அது 15 விகலை. அதாவது ஒவ்வொரு விநாடியும் விண்மீன் அடுத்த பிக்சலுக்குத் தாவி, பத்து விநாடியில் பத்து பிக்சல் நீளமுள்ள கோடாகி விடுகிறது. 200 மி.மீ.-இல் விநாடிக்கு நான்கு பிக்சல். ஆகவே மோட்டார் தேவை என்பதில் ஐயமில்லை.

ஆனால் நண்பரின் மவுண்ட் இதற்கு உதவாது. அது படத்தின் நடுவிலுள்ள விண்மீனை நடுவிலேயே நிறுத்தும். சுற்றியுள்ள வானம் அந்த நடுப்புள்ளியைச் சுற்றிச் சுழல்வதை அதனால் தடுக்க முடியாது. உங்கள் ஊரில் தெற்கு வானில் 60 பாகை உயரத்திலுள்ள ஒரு பொருளை எடுத்தால், காட்சி நிமிடத்துக்கு ஏறக்குறைய அரை பாகை சுழலும். அரை பாகை சிறிதாகத் தோன்றினாலும், படத்தின் மூலையில் அது 30 பிக்சல் நீள வில்லாகத் தெரியும். நிலவுக்கும் கோள்களுக்கும் அந்த மவுண்ட் போதும். மங்கலான நெபுலாக்களுக்கு (விண்வெளி வாயு மேகங்களுக்கு), ஓர் அச்சு வான துருவத்தை, அதாவது வானம் சுற்றுவதாகத் தோன்றும் மையப் புள்ளியை, நோக்கியிருக்கும் நடுவரை மவுண்டுதான் வேண்டும்.

கேள்வி: 250 மி.மீ. குவியத் தூரமுள்ள சிறிய தொலைநோக்கியும், 3.76 மைக்ரான் பிக்சல் கொண்ட வண்ண வானியல் கேமராவும் வாங்கியிருக்கிறேன். எல்லாம் சேர்த்து 3 கிலோ. ஸ்கை-வாட்சர் ஸ்டார் அட்வெஞ்சர் ஜிடிஐ என்ற சிறு மவுண்டை வாங்குவதா, அல்லது ஹார்மோனிக் டிரைவ் மவுண்டுக்குப் பணம் சேர்ப்பதா? விளம்பரங்களில் போடும் சுமைத் திறனை நம்பலாமா? – சேலம் வாசகர்

பதில்: கடைசிக் கேள்வியிலிருந்தே தொடங்குகிறேன், ஏனெனில் பலர் தவறுவது அங்கேதான். சுமைத் திறன் என்று போடப்படும் எண், மோட்டார் எவ்வளவு எடையைத் திருப்பும் என்பதைச் சொல்கிறதே தவிர, எவ்வளவு எடையோடு விண்மீனைப் புள்ளியாகப் பிடித்து நிற்கும் என்பதைச் சொல்வதில்லை. படமெடுப்பதற்கு அந்த எண்ணில் பாதி முதல் மூன்றில் இரண்டு பங்கு வரைதான் நான் ஏற்றுவேன். எடை மட்டுமன்றி நீளமும் கணக்கில் வரும். அரை மீட்டர் நீளக் குழாயைக் காற்று பிடித்து ஆட்டுவதுபோல, அதே எடையுள்ள குட்டைக் குழாயை ஆட்டாது. ஜிடிஐ 2.6 கிலோ எடையில் 5 கிலோ தாங்கும் என்கிறார்கள். உங்கள் 3 கிலோ அந்த வரம்புக்குள் வந்துவிடுகிறது.

இரண்டு வகைக்கும் உள்ள வேறுபாடு பற்சக்கரத்தில் இருக்கிறது. ஸ்டார் அட்வெஞ்சர் வகைச் சிறு மவுண்டுகளில் ஒரு திருகுப் பல் பெரிய சக்கரத்தைத் தள்ளுகிறது. சக்கரத்தில் 144 பற்கள் இருந்தால் திருகு ஏறக்குறைய பத்து நிமிடத்துக்கு ஒரு சுற்று வரும். அதன் வடிவத்திலுள்ள சிறு கோணல் ஒவ்வொரு சுற்றிலும் படத்தில் திரும்பத் திரும்பத் தலைகாட்டும். பல்லுக்கும் பல்லுக்கும் இடையே கொஞ்சம் தளர்வும் இருக்கும் என்பதால், சுமையை எதிர் எடை வைத்துச் சமன் செய்தே ஆக வேண்டும்.

ஹார்மோனிக் டிரைவின் அமைப்பு வேறு. மெல்லிய எஃகுக் கிண்ணம் ஒன்றின் வெளிப்புறத்தில் 200 பற்கள் இருக்கின்றன என்றும், அதைச் சுற்றியுள்ள வளையத்தின் உட்புறத்தில் 202 பற்கள் இருக்கின்றன என்றும் வைத்துக்கொள்வோம். கிண்ணத்துக்குள் ஒரு நீள்வட்ட உருளை சுழன்று, இரண்டு எதிரெதிர் இடங்களில் கிண்ணத்தின் சுவரை வெளியே நெளித்து வளையத்தோடு பொருத்திக்கொண்டே போகிறது. உருளை ஒரு முழுச் சுற்றுச் சுற்றினால் கிண்ணம் இரண்டே பற்கள் நகரும். நூற்றுக்கு ஒன்று என்ற வேகக் குறைப்பு உள்ளங்கை அளவுப் பெட்டிக்குள் கிடைத்துவிடுகிறது. ஒரே நேரத்தில் பல பற்கள் கவ்விக்கொண்டிருப்பதால் தளர்வு இல்லை, விசையும் அதிகம். 1971-இல் அப்போலோ 15 நிலவில் ஓட்டிய ஊர்தியின் சக்கரங்களைச் சுழற்றியதும் இந்த நுட்பம்தான். இசட்டபிள்யூஓ ஏஎம்5 மவுண்டின் தலை 5 கிலோ. எதிர் எடை இல்லாமலே 13 கிலோ தாங்கும் என்று விற்கிறார்கள். பேருந்தில் ஏறி மலைக்குப் போகிறவருக்கு எதிர் எடையை வீட்டில் விட்டுவிட்டுப் போவது பெரிய நிம்மதி.

இதற்கு ஒரு விலை உண்டு. ஹார்மோனிக் மவுண்டின் பாதை வழவழப்பானது, ஆனால் பிழை சிறியதன்று. இருபுறமும் 20 விகலை விலகி ஏழு நிமிடத்தில் ஒரு சுற்று முடிப்பதாக எடுத்துக்கொண்டால், விலகல் வேகமாக இருக்கும் நிமிடத்தில் 17 விகலை போய்விடும். உங்கள் கருவியில் ஒரு பிக்சலுக்கு 3.1 விகலை, ஆக ஒரு நிமிடப் படத்தில் ஐந்து பிக்சலுக்கு மேல் இழுபடும். எனவே இரண்டாவது சிறு தொலைநோக்கியும் கேமராவும் வைத்து ஒரு விண்மீனைக் கண்காணித்து, மவுண்டை நொடிக்கு நொடி திருத்தும் ஆட்டோ-கைடிங் இல்லாமல் ஹார்மோனிக் மவுண்டை வாங்காதீர்கள். அந்தச் செலவையும் சேர்த்துக் கணக்கிடுங்கள். உங்கள் 250 மி.மீ. கருவிக்கு ஜிடிஐயும் ஒரு நல்ல கைடிங் கேமராவும் போதும் என்பதே என் கருத்து. 400, 500 மி.மீ. பக்கம் போகும் எண்ணம் உறுதியாக இருந்தால் மட்டும் காத்திருந்து ஹார்மோனிக் வாங்குங்கள்.

கேள்வி: எங்கள் வீட்டு மாடியிலிருந்து துருவ நட்சத்திரம் தென்னை மரங்களுக்குப் பின்னால் மறைந்துவிடுகிறது. மவுண்டைத் துருவத்துக்கு நேராக்கத் தாழ்த்தினால் எதிர் எடை முக்காலியின் காலில் இடிக்கிறது. ஐரோப்பியர்கள் எழுதிய கையேடு இதைப்பற்றி ஒன்றும் சொல்லவில்லை. – நாகர்கோவில் வாசகர்

பதில்: கையேடுகள் 40, 50 பாகை அட்சரேகையில் வாழ்பவர்களை மனத்தில் வைத்து எழுதப்படுகின்றன. வான துருவத்தின் உயரம் நாம் நிற்கும் ஊரின் அட்சரேகைக்குச் சமம். சென்னையில் 13 பாகை, உங்கள் ஊரில் வெறும் 8 பாகை. அந்த உயரத்தில் தென்னையும் புகைமூட்டமும் மட்டும் தடையல்ல. காற்று மண்டலம் ஒளியை வளைப்பதால் துருவ நட்சத்திரமே ஆறு கலைக்குமேல் (ஒரு பாகையில் 60 கலை) உயர்ந்து தெரியும்.

முதலில் இடிபடும் எதிர் எடை. அச்சு ஏறக்குறையப் படுத்துவிடுவதால், எதிர் எடைத் தண்டு முக்காலிக்கு முன்னால், வடக்குப் பக்கத்தில் செங்குத்தாகத் தொங்குகிறது. மவுண்டுக்கும் முக்காலிக்கும் நடுவே ஒரு முழம் உயரமுள்ள நீட்டிப்புத் தூணைப் பொருத்துங்கள், இடி நின்றுவிடும். சுமை வடக்கே தள்ளி நிற்பதால் ஒரு கால் வடக்கை நோக்கி இருக்கட்டும். மவுண்டின் சாய்மானம் 8 பாகை வரை இறங்காவிட்டால், அந்த வடக்குக் காலைச் சற்றுக் குறைத்து மொத்த முக்காலியையும் முன்னோக்கிச் சாய்க்கலாம். அப்படிச் செய்யும்போது தெற்குப் பக்கத்துக் கால்கள் இரண்டிலும் மணல் பை கட்ட மறவாதீர்கள்.

அடுத்து நேராக்குதல். துருவ நட்சத்திரம் கண்ணில் படவே வேண்டியதில்லை. காந்த ஊசியை முக்காலியின் இரும்பிலிருந்து விலக்கிப் பிடித்து வடக்கைக் குறியுங்கள். தென்தமிழகத்தில் அது மெய்யான வடக்கிலிருந்து ஒன்றிரண்டு பாகைதான் விலகும். கைப்பேசியின் சாய்வுமானியை வைத்து 8 பாகை உயரம் கொடுங்கள். பிறகு, நினா போன்ற மென்பொருளில் உள்ள மூன்று புள்ளி முறையைப் பயன்படுத்துங்கள். மவுண்ட் திறந்த வானில் மூன்று இடங்களில் படமெடுக்கும். மென்பொருள் அதிலுள்ள விண்மீன்களை அடையாளம் கண்டு, மவுண்டின் அச்சு எங்கே நோக்குகிறது என்று கணக்கிட்டு, எந்தத் திருகை எந்தப் பக்கம் எவ்வளவு திருப்ப வேண்டும் என்று திரையில் காட்டும்.

கணினி இல்லாதவர்களுக்குப் பழைய நகர்வு முறை இருக்கிறது. வடக்கிலிருந்து தலைக்கு மேலாகத் தெற்கே செல்லும் உச்சிக்கோட்டை ஒட்டி, வான நடுக்கோட்டுக்கு அருகிலுள்ள விண்மீன் ஒன்றைப் பாருங்கள். அது தெற்கே நழுவினால் அச்சு கிழக்கே அதிகம் திரும்பியிருக்கிறது. வடக்கே நழுவினால் மேற்கே. பிறகு கிழக்கு வானில் தாழ்ந்துள்ள ஒரு விண்மீன். அது தெற்கே நழுவினால் அச்சு தாழ்ந்திருக்கிறது, வடக்கே நழுவினால் உயர்ந்திருக்கிறது. அரை மணி நேரப் பொறுமை கேட்கும் வேலை. செய்து பழகியவர்களுக்கு மவுண்டின் ஒவ்வொரு திருகும் கைக்குத் தெரிந்துவிடும்.

எவ்வளவு துல்லியம் போதும் என்பதையும் சொல்லிவிடுகிறேன், ஏனெனில் இதிலேயே இரவைக் கழிப்பவர்களைப் பார்த்திருக்கிறேன். அச்சு ஒரு பாகை விலகியிருந்தால் விண்மீன் நிமிடத்துக்கு 16 விகலை வரை நழுவும். அது படத்தைக் கெடுத்துவிடும். 5 கலை விலகல் என்றால் நிமிடத்துக்கு 1.3 விகலைதான். 250 மி.மீ. கருவியில் இரண்டு நிமிடப் படத்தில்கூட அது ஒரு பிக்சலை எட்டாது. 5 கலைக்குள் வந்ததும் படமெடுக்கத் தொடங்கிவிடுங்கள்.

கேள்வி: ஆட்டோ-கைடிங்கின்போது விண்மீனின் விலகலைத் திரையில் காட்டும் கைடிங் வரைபடம் சில நிமிடங்கள் அமைதியாக இருந்துவிட்டுத் திடீரென்று துள்ளுகிறது. மவுண்டில் கோளாறா? – சென்னை வாசகர்

பதில்: மவுண்டைக் குறை சொல்வதற்கு முன் கேபிள்களைப் பாருங்கள். ஜவ்வாது மலையில் இரண்டு இரவுகள் நானும் மோட்டாரைத்தான் சந்தேகித்தேன். இரண்டாம் இரவு விடியும் முன் சிவப்பு டார்ச்சைப் பிடித்துக்கொண்டு சுற்றி வந்தபோது, கேமராவின் யுஎஸ்பி கேபிள் முக்காலியின் திருகுத் தலையில் சிக்கி, வீணைத் தந்திபோல் விறைத்து நின்றது. விரல் நுனியால் தொட்டதும் வரைபடம் துள்ளியது. அன்றுமுதல் எல்லா கேபிள்களையும் ஒரே கட்டாகச் சேர்த்து, மவுண்டின் அச்சுக்கு அருகே ஒரு தளர்ந்த வளையம் விட்டுக் கட்டுகிறேன். இருட்டுவதற்கு முன் மவுண்டை எல்லாத் திசைகளிலும் ஒருமுறை திருப்பிப் பார்க்கிறேன்.

கேபிள் சரியாக இருந்தும் துள்ளினால், உங்கள் மவுண்ட் எந்த வகை என்று பாருங்கள். திருகுப் பல் மவுண்டில் கிழக்குப் பக்கம் சற்றே கனமாக இருக்கும்படி சமன் செய்தால் பற்கள் எப்போதும் ஒரே பக்கம் ஒட்டியிருக்கும். கைடிங் படங்கள் இரண்டு விநாடிக்குக் குறையாமல் இருக்கட்டும். ஹார்மோனிக் மவுண்டில் பிழை வேகமாக மாறுவதால் அரை விநாடி முதல் ஒரு விநாடி வரையே வையுங்கள்.

கேள்வி: முதல் மவுண்ட் வந்துவிட்டது. எதிலிருந்து தொடங்குவது? – திருவண்ணாமலை வாசகர்

பதில்: சனவரி இறுதியில் இரவு 9 மணியளவில் ஓரியன் நெபுலா தெற்கே உச்சியை அடையும். ஒரு நிமிடப் படங்கள் அறுபது எடுங்கள். நடுப்பகுதி வெளுத்துவிடும் என்பதால் ஐந்து விநாடிப் படங்களும் கொஞ்சம் எடுத்து இரண்டையும் இணையுங்கள். ஏப்ரல் இறுதியில் இரவு 11 மணிக்கு ஒமேகா சென்டாரி விண்மீன் கொத்து உங்கள் ஊரில் 30 பாகை உயரத்தில் நிற்கும். துருவம் தாழ்ந்திருப்பதால் நமக்குக் கிடைக்கும் தெற்கு வானம் அது. லண்டன்காரர்களுக்கு அது உதிப்பதே இல்லை.