பத்தொன்பதாம் நூற்றாண்டின் பியானோ மேதை ஷோப்பான் (Chopin) ஏன் பெரிய அரங்குகளில் வாசிப்பதைத் தவிர்த்தார்? அவர் இசையைச் சிறிய அறையில் கேட்பதுதான் சரியா?

கூச்சம் ஒரு காரணம். கூட்டத்தைக் கண்டாலே மூச்சுத் திணறுகிறது என்று அவர் புலம்பியதை, நண்பரும் பியானோ கலைஞருமான லிஸ்ட் (Liszt) எழுதி வைத்திருக்கிறார். வாழ்நாள் முழுக்க அவர் செய்த பொதுக் கச்சேரிகள் முப்பதைச் சுற்றித்தான் வரும்.

அப்படியானால் பிழைப்பு? அதற்குத்தான் சலோன், அதாவது பெரிய வீடுகளின் வரவேற்பறை. 1831-இல் பாரிஸுக்கு வந்தவர், ரோத்ஸ்சைல்டு மாதிரிப் பணக்காரக் குடும்பங்களின் மாலைக் கூடல்களில் வாசிப்பார். கேட்டுச் சொக்கிய சீமாட்டிகள் பாடம் கற்க வந்துவிடுவார்கள். ஒரு பாடத்துக்கு 20 பிராங்க். சலோனை வெறும் மெழுகுவத்திக் கனவாக வர்ணிப்பவர்கள் இந்த வரவு செலவை ஏனோ விட்டுவிடுகிறார்கள்.

எனக்கு இதைவிடப் பெரிய காரணமாகப் படுவது வாத்தியம். அவருக்குப் பிடித்தது பாரிஸின் பிளேயெல் கம்பெனி செய்த பியானோ. இன்றைய கச்சேரிப் பியானோ இரண்டே முக்கால் மீட்டர் நீளம், அரை டன் எடை. ஆயிரம் பேருக்கு மேல் ஒலியை எறிவதற்காகக் கட்டியது. பிளேயெலின் ஒலி அதைவிட மெல்லியது, சீக்கிரம் அடங்கிவிடும். கட்டையை லேசாகத் தொட்டாலே போதும். அதனால் மெல்லிய ஒலிக்கும் மிக மெல்லிய ஒலிக்கும் இடையே பல படிகள் கிடைக்கும். ஷோப்பான் குடியிருந்தது அந்தப் படிகளில்தான்.

முப்பத்தைந்து வயதுக்கு மேல் பியானோ கற்க உட்கார்ந்தவன் நான். அவருடைய ஒன்பதாம் ஓபஸின் (படைப்புக்குத் தரும் வரிசை எண்) இரண்டாவது நாக்டர்னோடு, அதாவது இரவின் சாயல் கொண்ட பியானோ உருப்படியோடு, எட்டு மாதம் மல்லுக்கட்டினேன். இடது கைக்கு ஒரே வேலை: கீழே ஒரு சுரம், மேலே இரண்டு சுரக்கொத்து, திரும்பத் திரும்ப. அதைத் தட்டித் தள்ளிக்கொண்டிருந்தேன். டீச்சர் சொன்னார்: “இடது கை வாசிக்கிறது எனக்குத் தெரியக் கூடாது. ஆனா நிறுத்தினா உடனே தெரியணும்.”

வலது கையின் மெட்டு ஒவ்வொரு முறை திரும்பும்போதும் புது நகாசோடு வரும். அச்சில் இருப்பதும் முடிந்த முடிவல்ல. ஷோப்பானே தன் மாணவிகளின் பிரதிகளில் பென்சிலால் வேறு வேறு அலங்காரங்களை எழுதிக் கொடுத்திருக்கிறார். இதெல்லாம் கடைசி வரிசை பால்கனிக்கு எப்படிப் போய்ச் சேரும்?

பாரிஸில் அவருடைய கடைசிக் கச்சேரி 1848 பிப்ரவரி 16. பிளேயெல் கம்பெனியின் அரங்கு, சுமார் 300 பேர்தான். டிக்கெட்டும் 20 பிராங்க், ஒரு பாடத்தின் விலை! நோயால் உடம்பு ஒடுங்கியிருந்தது. படகுப்பாட்டின் சாயலில் அவர் எழுதிய பார்கரோலின் முடிவுப் பகுதியை முழு பலத்தோடு வாசிக்க வேண்டும். அவர் அதைத் தலைகீழாக்கி, மிக மெல்லிய ஒலியில், நுணுக்க நுணுக்கமாக வாசித்தார். கூட்டத்தில் இருந்த பியானோ கலைஞர் சார்ல்ஸ் ஹாலே, அச்சில் உள்ளதைவிட இதுதான் சரியோ என்று தனக்கே சந்தேகம் வந்ததாக எழுதியிருக்கிறார். எட்டே நாளில் புரட்சி வெடித்து மன்னர் முடி துறந்தார். பணக்கார மாணவிகளும் ஊரைவிட்டுப் போக, வருமானமும் போயிற்று.

அறைதான் சரியா என்றால், அப்படிச் சட்டமில்லை. நல்ல கை அமைந்தால் பெரிய அரங்கும் சுருங்கிவிடும், ஓரிரு முறை கேட்டிருக்கிறேன். வீட்டில் கேட்பதானால் பழைய பிளேயெலில் வாசித்த பதிவைத் தேடுங்கள். ஃபேனை நிறுத்திவிட்டு, வால்யூமை வழக்கத்தைவிட இரண்டு புள்ளி குறைத்து வையுங்கள்.