திடலோரத்து மஞ்சள் அட்டை: விசில் மாமா பதில்கள்

கேள்வி: ஐயா, போன ஞாயிறு தோட்டத்துத் திடலில் கால்பந்துக் கிண்ணப் போட்டி. எங்கள் பெஞ்சிலிருந்து யாரோ ‘கண்ணு தெரியலையா?’ என்று நடுவரைப் பார்த்துக் கத்திவிட்டார்கள். நடுவர் நேராக வந்து எனக்கு மஞ்சள் அட்டை காட்டினார். நான் வாயே திறக்கவில்லை! அட்டை ஆட்டக்காரர்களுக்குத்தானே?
- ஒரு பயிற்றுநர், சுங்கை சிப்புட்

பதில்: உங்களுக்கும் உண்டு தம்பி. 2019 ஜூன் மாதம் நடப்புக்கு வந்த சட்டம் அது. அதற்கு முன் நடுவர்களான நாங்கள் பயிற்றுநரிடம் போய் வாயால்தான் சொல்வோம். சுற்றி நிற்கிற ஜனத்துக்கு ஒன்றும் புரியாது, ‘என்னமோ குசுகுசுன்னு பேசிட்டுப் போறாரு’ என்பார்கள். அட்டை வந்த பிறகு அந்தச் சந்தேகம் இல்லை.

கத்தியது யார் என்று நடுவருக்குத் தெரியாவிட்டால், அங்கே இருக்கிற மூத்த பயிற்றுநர்தான் அட்டையை வாங்கிக்கொள்ள வேண்டும். சட்டப் புத்தகத்திலேயே இருக்கிறது. எனவே அந்த நடுவர் செய்தது சரிதான். கத்தியவன் யார் என்று உங்களுக்குத் தெரியும், வீட்டில் வைத்து விசாரியுங்கள்.

ஆனால் நடுவர் எடுத்ததும் அட்டையை நீட்டக்கூடாது. லேசான முணுமுணுப்புக்கு முதலில் எச்சரிக்கைதான். கேலியாகக் கைதட்டினாலோ, கட்டத்தை விட்டுத் திரும்பத் திரும்ப வெளியே வந்தாலோ மஞ்சள். எதிரணி பந்தை எறிய விடாமல் பிடித்து வைத்துக்கொண்டாலோ, கெட்ட வார்த்தை பேசினாலோ நேராகச் சிவப்பு.

கட்டம் என்றேன். பெஞ்சுக்கு இரு பக்கமும் 1 மீட்டர், முன்னால் திடலின் பக்கக் கோட்டுக்கு 1 மீட்டர் தள்ளி வரைதான் அது. எங்கள் தோட்டத்தில் பெஞ்சு என்பது ரம்புத்தான் மரத்தடியில் பள்ளிக்கூடத்திலிருந்து தூக்கி வந்த இரண்டு பலகை. ஆட்டத்துக்கு முன் நானே சுண்ணாம்பு டப்பாவோடு போய்க் கோடு கிழிப்பேன். ‘அண்ணே, இதுக்குள்ள நின்னு உங்க பசங்களப் பாத்து எவ்வளவு வேணும்னாலும் கத்துங்க. என்னப் பாத்து வேணாம்’ என்பேன். பாதிப் பேர் அதிலேயே அடங்கிவிடுவார்கள்.

ஒருமுறை நான் கோட்டைவிட்டதும் உண்டு. ஒரு பயிற்றுநர் இரண்டு, மூன்று, நான்கு தடவை கத்தியதையெல்லாம் ‘சரி, தெரிந்த மனுஷன்’ என்று காதில் வாங்காமல் விட்டேன். ஐந்தாவது தடவை பெஞ்சே எழுந்து உள்ளே வந்தது, பின்னாலேயே லயத்து ஜனமும் வந்தது. ஆட்டத்தை அங்கேயே நிறுத்த வேண்டியதாகிவிட்டது. தப்பு என்னுடையது. முதல் தடவையே நிதானமாக நடந்து போய் அவரிடம் இரண்டு வார்த்தை பேசியிருந்தால் போதும். ஓடிப் போகக்கூடாது, ஓடினால் சண்டைக்கு வருகிறான் என்று நினைப்பார்கள்.

கேள்வி: சிவப்பு அட்டை வாங்கிய பயிற்றுநர் எங்கே போய் நிற்பது? தோட்டத்துத் திடலில் அரங்கமா இருக்கிறது?
- ஒரு வாசகி, கோல சிலாங்கூர்

பதில்: அரங்கம் இருந்த இடத்திலேயே இந்தக் குழப்பம் வந்திருக்கிறது அம்மா. 2009-இல் மான்செஸ்டர் யுனைடெட் அணியின் ஓல்ட் டிராஃபோர்டு அரங்கத்தில் ஆர்சனல் பயிற்றுநர் வெங்கர் தண்ணீர்ப் போத்தலை எட்டி உதைத்ததற்காக வெளியேற்றப்பட்டார். எங்கே போவது என்று தெரியாமல் எதிரணி ரசிகர்களுக்கு நடுவே ஏறி, கைகளை விரித்துக்கொண்டு நின்றார். இன்றைக்குப் போத்தலை உதைத்தால் மஞ்சள்தான்.

சிவப்பு வாங்கியவர் திடலையும் அதன் சுற்றுப்புறத்தையும் விட்டுப் போய்விட வேண்டும். மரத்துக்குப் பின்னால் ஒளிந்து நிற்பது கணக்கில் சேராது. எங்கள் பக்கம் ஒருவர் செம்பனைக் குலை ஏற்றும் லாரியில் ஏறி உட்கார்ந்துகொண்டார். போகட்டும் என்று விட்டேன். கொஞ்ச நேரத்தில் ஹாரன் சத்தம். ஒரு தடவை அடித்தால் பின்னால் வா, இரண்டு தடவை அடித்தால் முன்னேறு! ஏற்பாட்டாளரை அனுப்பி லாரிச் சாவியை வாங்கி வரச் சொன்னேன்.