வெயிலுக்கு முந்தி வெளிக்கிடும், தம்பி

கேள்வி: கொழும்பில் ஒரு கடையில் வேலை செய்கிறேன். இந்த வைகாசியில் வற்றாப்பளை அம்மன் கோயில் பொங்கலுக்கு நானும் மச்சானும் முள்ளியவளை வீட்டுக்கு பைக்கில் போக முடிவெடுத்திருக்கிறோம். 150 சிசி பைக். ஞாயிறு காலை எட்டு மணிக்கு வெளிக்கிட்டால் பொழுதுபட முதல் சேர்ந்துவிடலாம். அம்மாதான் "இந்த வெயிலுக்கை விழுந்து கிடக்கப் போறியள், பஸ்ஸில வாங்கோ" என்று அழுகிறா. ஓடும்போது காற்றுப் பிடிக்கும்தானே, பிறகென்ன வெயில்? இல்லாவிட்டால் இரவோடிரவாக ஓடிவிடலாமா?

பதில்: தம்பி, அம்மா அழுவதில் பாதி நியாயம் இருக்கிறது. பயணம் பிழையில்லை, நீர் சொல்லுகிற எட்டு மணிதான் பிழை. எட்டுக்கு வெளிக்கிட்டால் புத்தளத்துக்கே 11 மணி. அனுராதபுரம், மதவாச்சி, வவுனியா என்று உச்சி வெயில் முழுவதையும் தலையில் வாங்கிக்கொண்டு வருவீர். ஓமந்தைக்கு அங்கால் ஏ9 வீதி அகலமாய், கானல் பறக்கக் கிடக்கும்.

காற்றுப் பிடிக்கும் என்கிறீர். எங்கள் தோலின் சூடு ஏறக்குறைய 35 பாகை. காற்று அதைவிடக் குளிராக இருக்குமட்டும் அது சூட்டைக் கொண்டுபோகும். வைகாசி மத்தியானத்தில் வன்னிக் காற்றே 35ஐத் தொட்டுவிடும், தார் றோட்டுக்கு மேலே அதிலும் கூட. அந்த நேரம் முகத்தில் அடிக்கிற காற்று சூட்டை எடுக்காது, கொடுக்கும். வியர்வை காய்வதால்தான் உடம்பு தப்புகிறது. ஓடுகிற பைக்கிலோ வியர்வை ஊற ஊறவே காய்ந்துபோகும். சட்டை நனையாது, வியர்க்கவில்லை என்று நினைப்பீர், உள்ளே தண்ணீர் வற்றிக்கொண்டே போகும்.

சில வருடங்களுக்கு முன் ஒரு மத்தியானம் மாங்குளம் சந்தியில் பைக்கை நிறுத்தி, திறப்பை எடுத்துக்கொண்டு இறங்கி நாலு அடி நடந்தேன். பின்னால் தொம் என்று சத்தம். ஸ்ராண்ட் போடவில்லை. கண்ணாடி நொருங்கி, கிளச் லீவர் வளைந்து கிடந்த பைக்கைப் பார்த்து, "ஆற்றை பைக் இது?" என்று யோசித்துக்கொண்டு நின்றேன். தேத்தண்ணிக் கடை ஐயா கையைப் பிடித்துக்கொண்டுபோய் வாங்கில் இருத்தி, ஒரு வாளி தண்ணீரைத் தலையில் ஊற்றிய பிறகுதான் அது என்னுடையது என்று பிடிபட்டது. அதற்கு ஒரு நிமிடம் முந்தி நான் ஓடிக்கொண்டு வந்தவன். இப்போதும் நினைத்தால் பயம் வரும்.

ஆகவே சனி இரவு எட்டு மணிக்கே படுத்து, ஞாயிறு விடிய மூன்றுக்கு வெளிக்கிடும். புத்தளத்தில் விடியும். ஒன்பது, ஒன்பதரைக்குள் வவுனியா. வவுனியாவில் சொந்தக்காரர் இல்லாத முள்ளியவளை ஆளும் உண்டோ? மத்தியானச் சாப்பாட்டைச் சாப்பிட்டு, மூன்றரை வரைக்கும் நித்திரை கொள்ளும். பிறகு மாங்குளம் சந்தியில் வலப்பக்கம் திரும்பி, ஒட்டுசுட்டான் தாண்டி, ஐந்தரை ஆறுக்குள் வீட்டு வாசல். பொங்கல் திங்கட்கிழமைதானே, அவசரப்பட ஒன்றுமில்லை.

இரவோடிரவாக வேண்டவே வேண்டாம். வன்னியில் இருட்டினால் மாடுகள் சூடான றோட்டில் வந்து படுத்துக்கொள்ளும், கறுத்த மாடு லைற் வெளிச்சத்தில் கடைசி நிமிடம் வரைக்கும் தெரியாது. ஒட்டுசுட்டான் பக்கம் யானையும் ஏறும்.

ரீசேட்டோடு ஓடலாம் என்ற எண்ணம் இருந்தால் விடும். முழுக்கைப் பருத்திச் சட்டை, கழுத்தில் ஒரு துவாய், முழுமுகத் தலைக்கவசம். வெறும் கையில் வெயில் நேரே விழும், சூடான காற்றும் நேரே அடிக்கும். சட்டையையும் துவாயையும் நனைத்துப் போட்டால் நல்ல குளிர். ஆனால் நான் ஓமந்தையில் நனைத்த சட்டை புளியங்குளம் வர முதலே மொறுமொறுவென்று காய்ந்துவிட்டது. இடையில் நின்று நின்றுதான் நனைக்கவேண்டும்.

தண்ணீரைத் தாகத்துக்குக் காத்திராமல் அரைமணிக்கு ஒரு கிளாஸ் என்று குடியும். ஒரு ஜீவனிப் பக்கற்றை (வயிற்றோட்டத்துக்குக் கரைத்துக் குடிக்கிற உப்புச் சீனித் தூள்) ஒரு லீற்றர் தண்ணீரில் கரைத்து வைத்துக்கொள்ளும். கிடைக்காவிட்டால் ஒரு லீற்றருக்கு மட்டம் தட்டிய ஆறு தேக்கரண்டி சீனி, அரைத் தேக்கரண்டி உப்பு. பிரஷர், சிறுநீரக வருத்தம் உள்ளவர்கள் மட்டும் டொக்டரைக் கேட்டுக் குடிக்கவேண்டும். சோடா நாக்குக்குத்தான். பியர் பற்றி மச்சான் கதைத்தால் அவரை பஸ்ஸில் ஏற்றிவிடும்.

பைக்குக்கு அதிகம் வேண்டாம். ரயர் காற்றை வெளிக்கிட முதல், குளிராக இருக்கும்போது பாரும். இரண்டு பேருக்கு எவ்வளவு என்று பைக்கோடு வந்த புத்தகத்தில் இருக்கும். வழியில் ரயர் சுடுகிறது என்று காற்றைத் திறந்துவிடுகிற ஆட்கள் இருக்கிறார்கள், அது பிழை. காற்றுக் குறைந்த ரயர் இன்னும் சுடும். எஞ்சின் ஒயில், செயின் பார்த்து, எஞ்சின் தகடுகளுக்குள் சேறு அடைத்திருந்தால் கழுவும். பெற்றோலை வவுனியாவிலேயே நிரப்பும்.

பின்னால் இருக்கிறவர்தான் வெயிலில் முதலில் தூங்கி விழுவார். மச்சானோடு கதைத்துக்கொண்டே வாரும். தலையிடி, கால் குரக்கை, ஓங்காளம் வந்தால் நிழலில் நிற்கவேண்டும். கதை தடுமாறினால் அல்லது கேட்டதற்கு மாறிப் பதில் சொன்னால் உடனே நிழலில் படுக்க வைத்து, தலைக்கவசத்தையும் சட்டையையும் கழற்றி, உடம்பெல்லாம் தண்ணீர் ஊற்றி விசிறிக்கொண்டே 1990க்கு அழையும், அம்புலன்ஸ் காசில்லாமல் வரும். மயங்கிக் கிடக்கிறவருக்கு வாயில் தண்ணீர் ஊற்றவேண்டாம்.

வவுனியாவில் ஒருதரம், மாங்குளத்தில் ஒருதரம் அம்மாவுக்கு போன் எடும். போனைக் கைபிடியில் பூட்டி வெயிலில் வைத்தால் அது சூடேறி நின்றுபோகும், பிறகு அம்மாவின் அழுகையை நிறுத்த ஆளில்லை. ஒட்டுசுட்டான் பக்கம் பாலைப்பழம் விற்றால் ஒரு சுண்டு வாங்கிப் பையில் போடும். றோட்டில் நின்று சாப்பிட்டால் பால் உதட்டில் ஒட்டும், அதோடு தலைக்கவசத்தை மாட்டினால் படும் பாடு எனக்குத் தெரியும்.