பதில்: 54 வோல்ட்டிலேயே பிஎம்எஸ் சார்ஜைத் துண்டிக்கிறது

உங்கள் படகில் 280 ஆம்பியர்-மணி எல்எஃப்பி (லித்தியம் இரும்பு பாஸ்பேட்) செல்கள் 16, தொடராக. 54 வோல்ட்டில் பிஎம்எஸ் (செல்களைக் கண்காணித்துக் காக்கும் மின்சுற்று) துண்டிக்கும்போது 9ஆவது செல் மட்டும் உச்ச வரம்பான 3.65 வோல்ட்டில், மற்றவை 3.36 என்கிறீர்கள். செல்லை மாற்ற அவசரப்படாதீர்கள்.

சார்ஜ் ஏறும்போதே மல்டிமீட்டர் முனைகளை 9ஆவது செல்லின் முனையத்திலேயே வைத்து அளந்து பாருங்கள். பஸ்பாரிலோ (செல்களை இணைக்கும் உலோகப் பட்டை) நட்டிலோ வேண்டாம். 3.36 காட்டினால் இணைப்புதான் கோளாறு: கழற்றி, தேய்த்துச் சுத்தம் செய்து, தயாரிப்பாளர் சொன்ன முறுக்குவிசையில் இறுக்குங்கள்.

அங்கும் 3.65 என்றால் அந்தச் செல் முந்திக்கொண்டு நிரம்புகிறது. பிஎம்எஸ் தானே சமன் செய்யும் என்று காத்திருப்பது வீண். 5 சதவீத வித்தியாசம் என்றால் 14 ஆம்பியர்-மணி. பிஎம்எஸ்ஸில் உள்ள 100 மில்லியாம்பியர் சமன்படுத்தியால் அதைக் கரைக்க 140 மணி நேரம். பெரும்பாலான பிஎம்எஸ்கள் உச்ச வோல்ட்டேஜில் மட்டுமே சமன் செய்வதால், வாரக்கணக்கில் இழுக்கும்.

கூடுதல் சார்ஜை இறக்க, 1 ஓம், 25 வாட் மின்தடையை அந்த ஒரு செல்லில் மட்டும் மாட்டுங்கள். சுமார் 3.3 ஆம்பியர் ஓடும். 11 வாட் சூடு, ஆகவே செல்லைத் தொடாமல் உலோகத் தகட்டில் பொருத்துங்கள். 3 மணி நேரத்தில் 10 ஆம்பியர்-மணி இறங்கும். மறுபடி சார்ஜ் செய்து பார்த்து, தேவையானால் இன்னொரு சுற்று.

பிறகு சார்ஜ் உச்சத்தை 55.2 வோல்ட்டில் வையுங்கள். இதில் அலட்சியம் கூடாது: எஞ்சினோடு சுழன்று மின்சாரம் தரும் ஆல்டர்னேட்டர் முழுச்சுமையில் ஓடும்போது பிஎம்எஸ் திடீரெனத் துண்டித்தால், எழும் வோல்ட்டேஜ் பாய்ச்சலில் ஆல்டர்னேட்டரின் டையோடுகள் போய்விடும். பிஎம்எஸ் துண்டிக்கும் முன்பே, ஆல்டர்னேட்டரைக் கட்டுப்படுத்தும் ரெகுலேட்டர் சார்ஜை நிறுத்தியாக வேண்டும்.