உப்புக் காற்றில் பழைய கார் வயரிங்: ஞாயிறு கேள்வி பதில்

ஞாயிறு காலை திருகோணமலை உவர்மலையில் எங்கள் வீட்டு வேப்பமரத்தடியில், நம்பர் தகட்டில் ஶ்ரீ எழுத்துள்ள நாலைந்து பழைய கார்கள் வந்து நிற்கும். மொறிஸ் மைனர், ஒஸ்ரின், ஃபோக்ஸ்வாகன் என்று எல்லாம் வரும். நண்பர்கள் கூடி, தேத்தண்ணி குடித்து, பிழை தேடுவோம். நான் முப்பது வருடத்துக்கு மேல் கார் வயரிங் வேலை செய்தவன் என்பதால் கேள்விகள் என்னிடம்தான் வரும். கடந்த சில வாரங்களில் வந்தவற்றை ஒன்றாக வைத்துப் பதில் எழுதுகிறேன்.

அண்ணை, என்னுடையது 1959 மொறிஸ் மைனர். காலையில் ஸ்ரார்ட்டர் குமிழை இழுத்தால் எஞ்சின் சோம்பலாக ஒருதரம் புரண்டு நின்றுவிடுகிறது. பற்றரி புதிது. ஒரு நண்பர் ஸ்ரார்ட்டர் மோட்டாரை மாற்றச் சொல்கிறார், இன்னொருவர் பற்றரியே பிழை என்கிறார். நாலைந்து முறை இழுத்தால் சோக் கேபிளும் சுடுகிறது. (உப்புவெளி)

தம்பி, கடைசியில் சொன்னீர்களே, சோக் கேபிள் சுடுகிறது என்று. உங்கள் பிழை அதில்தான் இருக்கிறது.

மொறிஸில் எஞ்சின் றபர் மவுண்டில் உட்கார்ந்திருக்கிறது. றபர் மின்சாரத்தைக் கடத்தாது. அதனால் எஞ்சின் பக்கத்தைப் பாடியோடு சேர்க்க ஒரு பின்னல் செம்புப் பட்டி போட்டிருப்பார்கள். அந்தப் பட்டி கறள் பிடித்தாலோ அறுந்தாலோ, ஸ்ரார்ட்டர் இழுக்கும் நூற்றுக்கணக்கான அம்பியர் திரும்பிப் போக வேறு வழி தேடும். எஞ்சினிலிருந்து பாடிக்குப் போகும் மற்ற இரும்புகள் சோக் கேபிளும் அக்சலரேற்றர் கம்பியும்தான். மெல்லிய கம்பி அவ்வளவு கரண்டைத் தாங்காமல் சுடுகிறது. விட்டால் அதன் உறையும் உருகும்.

இருவர் சேர்ந்து பாருங்கள். ஒருவர் குமிழில், ஒருவர் மீற்றரில். கியர் நியூட்ரலில் இருக்கட்டும், சாவியைத் திருப்ப வேண்டாம். உங்கள் காரில் குமிழ் கேபிளால் நேரே சுவிச்சை இழுப்பதால் சாவி இல்லாமலே ஸ்ரார்ட்டர் சுற்றும், எஞ்சின் பற்றாது. மீற்றரை 20 வோல்ட் டீசியில் வைத்து, முனைகளை பற்றரியின் ஈயக் குமிழ்களிலேயே வையுங்கள், கிளாம்பில் அல்ல. சும்மா நிற்கும்போது 12.6 அளவு காட்ட வேண்டும். குமிழை இழுக்கும்போது 10க்குக் கீழே விழுந்தால் பற்றரியைச் சந்தேகிக்கலாம். 11க்கு மேலேயே நின்றும் எஞ்சின் புரளவில்லை என்றால், பற்றரி கொடுக்கத் தயார், கரண்ட் போய்ச் சேரவில்லை என்று அர்த்தம்.

அடுத்ததாக மீற்றரின் ஒரு முனை பற்றரியின் எர்த் குமிழில் (காரின் பாடியோடு பூட்டிய பக்கம்), மற்றது எஞ்சின் பிளொக்கில் பெயின்ற் இல்லாத ஒரு போல்ட்டில். மறுபடி இழுக்கச் சொல்லுங்கள். அரை வோல்ட்டுக்குள் இருந்தால் சரி. இரண்டு, மூன்று வோல்ட் காட்டினால் பட்டியும் அதன் போல்ட்டுகளும்தான் குற்றவாளி.

இதை இவ்வளவு நீட்டி எழுதுவதற்குக் காரணம் இருக்கிறது. என் சொந்தக் காரில் இதே பிழைக்கு ஒரு கராஜில் முதலில் பற்றரி, பிறகு ஸ்ரார்ட்டர், பிறகு தடித்த கேபிள் என்று மூன்றையும் மாற்றினார்கள். ஒருவரும் மீற்றர் வைக்கவில்லை. கடைசியில் நான் காருக்கு அடியில் படுத்துப் பார்த்தேன். பட்டி பார்வைக்கு முழுசாகத்தான் இருந்தது. கையால் வளைத்தபோது உள்ளே பச்சைத் தூளாக உதிர்ந்தது. கடலுக்குக் கிட்ட இருக்கும் கார்களில் செம்பு இப்படித்தான் உள்ளுக்குள்ளேயே சாகும். புதுப் பட்டி போடும்போது போல்ட் உட்காரும் இடத்தைத் தகடு பளிச்சென்று தெரியுமட்டும் சுரண்டி, பல் வொஷர் வைத்து இறுக்கி, அதன் மேலே வசிலின் பூசுங்கள். வசிலினை முதலில் பூசிவிட்டு இறுக்க வேண்டாம்.

நானா, என் ஃபோக்ஸ்வாகன் பீட்டிலில் ஓடிக்கொண்டிருக்கும்போது டைனமோ சிவப்பு லைற் பற்றிக்கொண்டது. வீட்டுக்கு இன்னும் 5 கிலோமீற்றர்தான் இருந்தது. மெதுவாக ஓட்டியிருக்கலாமா? (கிண்ணியா)

இல்லை. அந்த இடத்திலேயே நிறுத்த வேண்டும். டைனமோ பற்றரியைச் சார்ஜ் செய்யவில்லை என்று சொல்வதுதான் அந்த லைற். மற்றக் கார்களில் அது எரிந்தால் பற்றரி தீரும்வரை பகலில் ஓட்டிப் போகலாம். பீட்டில் அப்படி இல்லை. எஞ்சினைக் குளிர்விக்கும் காற்றாடி டைனமோவின் தண்டிலேயே பூட்டியிருக்கிறது, இரண்டையும் ஒரே பெல்ட்தான் சுற்றுகிறது. பெல்ட் அறுந்தால் சிவப்பு லைற் எரியும், கூடவே காற்றும் நின்றுவிடும். தண்ணீர் இல்லாத எஞ்சின் நம்ம ஊர் வெயிலில் சில நிமிடத்தில் கெட்டுவிடும். பின் மூடியைத் திறந்து பெல்ட்டைப் பாருங்கள். பெல்ட் நல்லபடி இருந்தால் டைனமோவின் கார்பன் பிரஷ் தேய்ந்திருக்கலாம். காரில் எப்போதும் ஒரு மாற்று பெல்ட்டும் அதற்கான ஸ்பனரும் இருக்கட்டும்.

இன்னொன்று, நானா. பீட்டிலில் பற்றரி பின் சீற்றுக்கு அடியில் இருக்கிறது. பற்றரிக்கு மேல் மூடி இல்லை என்றால், கனமான ஆள் உட்கார சீற்றின் ஸ்பிரிங் இறங்கிக் குமிழில் முட்டி நெருப்புப் பிடிக்கும். இன்றைக்கே சீற்றைத் தூக்கிப் பாருங்கள்.

மொறிஸ் பற்றரி இறங்கிவிட்டது. நண்பனின் புது ஆல்டோவிலிருந்து கேபிள் போட்டு எடுக்கலாமா? என் காரில் பிளஸ்தான் எர்த்.

எடுக்கலாம், ஆனால் கவனமாக. அந்தக் காலத்து இங்கிலாந்துக் கார்களில் பெரும்பாலும் பிளஸ்தான் பாடியில் பூட்டியிருக்கும், ஆல்டோவில் மைனஸ். ஆக இரண்டு கார்களின் தகடும் எதிரெதிர் முனை. பம்பரோடு பம்பர் முட்டினால் கேபிள் போட்ட நிலையில் நேரடி ஷோர்ட். இரண்டுக்கும் இடையே ஒரு முழம் இடைவெளி விடுங்கள். பிளஸ்ஸிலிருந்து பிளஸ்ஸுக்கு, மைனஸிலிருந்து மைனஸுக்கு, பற்றரிக் குமிழிலிருந்து பற்றரிக் குமிழுக்கே பூட்டுங்கள். நிறத்தை நம்ப வேண்டாம். பழைய காரில் யாராவது எர்த் வயர் என்று நினைத்து பிளஸ்ஸுக்குக் கறுப்பு வயர் போட்டிருப்பார்கள். பற்றரியில் பொறித்திருக்கும் அடையாளத்தையே பாருங்கள்.

பற்றரியைக் கழற்றும்போதும் இதே யோசனை வேண்டும். எந்தக் காரிலும் முதலில் கழற்ற வேண்டியது எர்த் பக்கம். உங்கள் காரில் அது பிளஸ்.

பியூஸ் அடிக்கடி போகிறது. 35 அம்பியர் என்றுதான் புத்தகத்தில் இருக்கிறது, கடையில் வாங்கிய 35 போட்டேன். இப்போது பியூஸ் போகவில்லை, ஆனால் டாஷ்போர்டுக்குப் பின்னால் வயர் மணக்கிறது. (லிங்கநகர்)

உடனே பற்றரியைக் கழற்றுங்கள். இங்கிலாந்துக் கார்களுக்கு மின்பாகங்கள் செய்த லூகாஸ் கம்பனியின் கண்ணாடிப் பியூஸில் 35 என்று எழுதியிருப்பது அது வெடிக்கும் அளவு. தொடர்ந்து தாங்குவது ஏறக்குறைய 17 அம்பியர்தான். இன்றைக்குக் கடையில் விற்கும் வேறு வகைப் பியூஸில் 35 என்றால் 35 அம்பியரைத் தொடர்ந்து தாங்கும் என்று அர்த்தம். வயர் எரிந்த பிறகும் பியூஸ் சிரித்துக்கொண்டிருக்கும். அந்த வகையில் 15 அல்லது 17 போடுங்கள்.

அதோடு பழைய பியூஸ் ஏன் போனது என்ற கேள்வி அப்படியே இருக்கிறது. பியூஸ் இருக்கும் இடத்தில் ஒரு 21 வோட் சிக்னல் பல்பை இரண்டு வயரால் பூட்டுங்கள். ஷோர்ட் இருந்தால் பல்ப் முழுசாக எரியும், வயர் எரியாது. பிறகு ஒருவர் பல்பைப் பார்த்துக்கொண்டிருக்க, மற்றவர் வயர்க் கட்டை ஒவ்வொரு இடமாக அசைக்கட்டும். எங்கே அசைக்கும்போது பல்ப் மங்குகிறதோ அங்கேதான் வயர் தகட்டில் உராய்ந்திருக்கிறது. தகட்டு ஓட்டைகளில் றபர் வளையம் காய்ந்து விழுந்த இடங்களை முதலில் பாருங்கள்.

ஹபரணை றோட்டில் இரவில் வந்தோம், யானை கிட்ட வந்த பிறகுதான் தெரிந்தது. ஹெட்லைற் மஞ்சளாக எரிகிறது. பெரிய பல்ப் போடட்டுமா?

வேண்டாம், அது பழைய சுவிச்சை இன்னும் சுடவைக்கும். 12 வோல்ட் கிடைக்க வேண்டிய பல்புக்கு 10 வோல்ட் போனால் வெளிச்சம் ஏறக்குறைய பாதியாகிவிடும். எஞ்சினைக் கொஞ்சம் ரேஸ் பண்ணி வைத்து, ஹெட்லைற் பிளக்கிலும் பற்றரியிலும் அளந்து பாருங்கள். ஒரு வோல்ட்டுக்கு மேல் வித்தியாசம் என்றால் காலால் மிதிக்கும் டிப் சுவிச், லைற் சுவிச், லைற் கிண்ணத்தின் எர்த் ஆகிய மூன்றையும் கழுவித் துடைத்து இறுக்குங்கள். ரிலே (சிறு கரண்டால் பெரிய கரண்டைத் திறக்கும் சுவிச்) போட்டால் இன்னும் நல்லது. அதுவரை அந்த றோட்டில் பகலில் மட்டும் போங்கள்.

ஆடி மாதத்தில் கந்தளாய் தாண்டியதும் கார் நின்றுவிடுகிறது. அரை மணித்தியாலம் நிழலில் விட்டால் ஸ்ரார்ட் ஆகும். பெற்றோல் ஆவியாகிறது என்கிறார் ஒரு நண்பர், பொறிக்கு மின்சாரம் தரும் கொயில் என்கிறார் மற்றவர். மச்சான்மார் மூன்று பேர் சேர்ந்தும் கண்டுபிடிக்க முடியவில்லை.

கச்சான் என்ற வெப்பக் காற்று அடிக்கும் மாதங்களில் எனக்கு வரும் கேள்விகளில் பாதி இதுதான். நிற்கும்போது எல்லாரும் இறங்கி மரத்தடிக்குப் போய்விடுகிறார்கள், சூடு இறங்கியதும் பிழையும் மறைந்துவிடுகிறது. பிழை உயிரோடு இருப்பது முதல் ஐந்து நிமிடம்தான். மூன்று பேர் இருக்கிறீர்களே, வேலையைப் பிரித்துக்கொள்ளுங்கள்.

ஒருவர் சாவியைத் திருப்பிவிட்டு எஸ்.யூ. பெற்றோல் பம்பைக் காது கொடுத்துக் கேட்கட்டும். நாலைந்து தரம் டிக் டிக் என்று அடித்து ஓய்ந்தால் கார்புரேற்றரில் பெற்றோல் இருக்கிறது. ஓயாமல் படபடவென்று அடித்தால் பெற்றோல் வரவில்லை, ஆவி அடைத்திருக்கலாம். சத்தமே இல்லை என்றால் ஸ்பனர் பிடியால் பம்பை மெல்லத் தட்டுங்கள். உடனே அடிக்கத் தொடங்கினால் பம்பின் பொயின்ற் (திறந்து மூடும் மின்தொடர்பு முனை) கருகியிருக்கிறது.

பெற்றோல் சரி என்றால் இரண்டாமவர், பொறியை ஒவ்வொரு பிளக்குக்கும் பிரித்து அனுப்பும் டிஸ்ரிபியூட்டரின் மூடியில் நடு வயரைக் கழற்றி, காய்ந்த மர உடுப்புக் கிளிப்பால் பிடித்து, முனையை எஞ்சின் இரும்பிலிருந்து 6 மில்லிமீற்றர் தள்ளி வைக்கட்டும். கார்புரேற்றருக்குக் கிட்ட வேண்டாம். மூன்றாமவர் ஸ்ரார்ட்டரைச் சுற்றட்டும். நீலமாகச் சடக் சடக்கென்று பாய்ந்தால் கொயிலும் கண்டன்சரும் (பொயின்றில் பொறி தெறிக்காமல் காப்பது) நல்லவை. பிறகு மூடிக்குள் சுழலும் ரோட்டரையும் மூடியையும் பார்க்க வேண்டும். மஞ்சளாக, நூல் போல மெலிந்து வந்தால் மூடியைத் திறந்து பொயின்றைப் பாருங்கள். பொயின்ற் திறக்கும் ஒவ்வொரு தரமும் அங்கே நீலப் பொறி பளபளவென்று தெறித்தால் கண்டன்சர்தான். அது சூட்டில் விட்டுவிடும், குளிர்ந்ததும் நல்லபிள்ளையாகிவிடும். எங்கள் மரத்தடிக்கு வந்த இப்படியான கார்களில் கொயிலைவிடக் கண்டன்சர்தான் அதிகம் பிழை செய்திருக்கிறது.

மாற்றியபின் பொயின்ற் இடைவெளியை 0.4 மில்லிமீற்றர் அளவில் வையுங்கள். புதுக் கண்டன்சரை நம்பிப் பழையதை எறிய வேண்டாம். இப்போது வருபவை சில ஒரு மாதம்கூட நிற்பதில்லை. சோதனை செய்யும்போது சாவியைத் திருப்பியபடி நீண்ட நேரம் விடாதீர்கள். பொயின்ற் மூடியிருந்தால் கொயில் சும்மா சூடாகி, நல்ல கொயிலும் கெடும்.

போன் சார்ஜர் போட முடியுமா?

பிளஸ் எர்த் காரில் சார்ஜரின் இரும்பு உடம்பு தகட்டில் பட்டால் ஷோர்ட். பிளாஸ்ரிக் பெட்டியில் வைத்து, வயரை முனை மாற்றிக் கொடுத்து, தனிப் பியூஸ் போடுங்கள். சார்ஜருக்காக முழுக் காரையும் மைனஸ் எர்த்துக்கு மாற்றத் தேவையில்லை. மாற்றவே விரும்பினால் கொயில் வயர்களையும் மாற்றிப் பூட்டி, டைனமோவுக்கும் புது முனை பழக்க வேண்டும். அதை இங்கே வந்து செய்யுங்கள், காட்டித் தருகிறேன்.

மாமா, அப்பாவின் ஒஸ்ரின் கார் பத்து வருடத்துக்கு மேல் கொட்டிலில் நிற்கிறது. தம்பியும் நானும் ஓட வைக்க ஆசைப்படுகிறோம். புதுப் பற்றரி வாங்கிவிட்டோம். முதலில் என்ன செய்ய?

பிள்ளை, பற்றரியை இன்னும் பூட்ட வேண்டாம். முதலில் வயர்களை விரலால் வளைத்துப் பாருங்கள். அந்தக் காலத்து வயர் றபர் மேல் பஞ்சு நூல் பின்னியது. நூல் நல்லபடி தெரியும், உள்ளே றபர் பிஸ்கட் போல உடையும். எலி கடித்ததும் இருக்கும். உடைகிற வயரை மாற்றத்தான் வேண்டும், இன்சுலேஷன் ரேப் சுற்றி வைப்பது ஆபத்து.

நிறங்களைப் பழகிக்கொள்ளுங்கள். லூகாஸ் வயரிங்கில் பழுப்பு பற்றரியிலிருந்து பியூஸ் இல்லாமல் வருவது, வெள்ளை சாவியைத் திருப்பிய பிறகு வருவது, பச்சை அதற்குப் பிறகு பியூஸ் வழியாக வருவது, நீலம் ஹெட்லைற், சிவப்பு பார்க் லைற், கறுப்பு எர்த். அழுக்கில் எல்லாம் ஒரே நிறமாகத் தெரியும். சோப்புத் தண்ணீர் தொட்ட துணியால் ஒரு அங்குலம் துடைத்தால் அப்பா பார்த்த அதே நிறம் வெளியே வரும்.

எல்லா வயரும் திருப்தி என்றால் பற்றரியின் எர்த் குமிழுக்கும் கேபிளுக்கும் இடையே ஒரு பழைய ஹெட்லைற் பல்பைப் பூட்டி இணையுங்கள். எல்லாச் சுவிச்சும் நிறுத்தியிருக்கப் பல்ப் எரிந்தால் எங்கோ கசிவு இருக்கிறது, அதைக் கண்டுபிடித்த பிறகுதான் நேரே பூட்டலாம். எரியாவிட்டால் ஒவ்வொரு சுவிச்சாகப் போட்டுப் பாருங்கள். ஒருவர் போட, மற்றவர் என்ன நடந்தது என்று கொப்பியில் எழுதட்டும். வயர் எதையும் கழற்றுவதற்கு முன் போனில் ஒரு படம் எடுத்து, துண்டுக் கடதாசியில் பெயர் எழுதிக் கட்டிவிடுங்கள்.

பிரேக்கைப் பார்க்காமல் காரைக் கொட்டிலுக்கு வெளியே எடுக்க வேண்டாம். அந்தக் கொப்பியை ஞாயிறு கொண்டு வாருங்கள், டைனமோவைக் கழற்ற முடிந்தால் அதையும்.