1,457 யார்டு மிச்சம்

அன்புள்ள ஐயா,

மிச்சிகன் மாநிலத்தில் ட்ராய் என்ற ஊரில் இருக்கிறேன். கார் கம்பெனிகளுக்கு உதிரிபாகம் வடிவமைக்கும் வேலை. இங்கே வந்த புதிதில் அமெரிக்கக் கால்பந்து எனக்குத் தலையும் புரியாது, வாலும் புரியாது. அலுவலகத்தில் பக்கத்து மேஜைக்காரர் டெட்ராய்ட்டிலேயே பிறந்து வளர்ந்தவர், அவர்தான் சொல்லிக்கொடுத்தார். டெட்ராய்ட் லயன்ஸ் அணிக்கு ஆடிய பாரி சாண்டர்ஸ் பற்றிப் பேச ஆரம்பித்தால் அவருக்கு நிறுத்தத் தெரியாது. ஆனால் பேச்சு எப்போதும் கோபத்தில்தான் போய் முடியும். "இன்னும் ஒரே ஒரு சீசன் ஆடியிருந்தால், பந்தோடு ஓடி மொத்தத்தில் அதிக யார்டு எடுத்த சாதனை அவனுடையது. எங்களை நட்டாற்றில் விட்டுவிட்டுப் போய்விட்டான்" என்பார்.

விளையாட்டு வீரர்களின் ஓய்வு பற்றி நீங்கள் எழுதியபோது சாண்டர்ஸ் பெயரை ஒரு வரியில் சொல்லிவிட்டுக் கடந்துபோனீர்கள். உடம்பு நன்றாக இருக்கும்போது, சாதனை கைக்கெட்டும் தூரத்தில் இருக்கும்போது, ஒருவர் ஏன் விட்டுப்போக வேண்டும்? ரசிகர்களுக்குச் செய்த துரோகம் இல்லையா அது? கடைசிவரை நின்று அந்தச் சாதனையை எடுத்த டாலஸ் அணியின் எம்மிட் ஸ்மித்தைத்தானே பெரிய ஆட்டக்காரர் என்று சொல்ல வேண்டும்?

எம்.,
ட்ராய்

அன்புள்ள எம்.,

துரோகம் என்பதை நான் ஒப்புக்கொள்ளமாட்டேன். அதற்காக உங்கள் நண்பரின் கோபம் நியாயமில்லை என்றும் சொல்லமாட்டேன். அது ஏன் என்று சொல்கிறேன்.

இதைப் படிக்கிற பலர் அந்த ஆட்டத்தைப் பார்த்திருக்கமாட்டார்கள், அதனால் முதலில் ரன்னிங் பேக்கின் வேலை. நான்கு முயற்சிக்குள் பந்தைப் பத்து யார்டு முன்னால் கொண்டுபோக வேண்டும். குவார்ட்டர்பேக் பந்தை வீசலாம், அல்லது பக்கத்தில் ஓடிவரும் ரன்னிங் பேக்கின் வயிற்றில் திணிக்கலாம். திணித்த பிறகு எல்லாம் ரன்னிங் பேக்கின் பாடு. எதிரே பதினொரு பேர், அதில் முன்வரிசைக்காரர்கள் பலர் 130 கிலோவுக்கு மேல். தன் அணியின் ஐந்து லைன்காரர்கள் அவர்களைத் தள்ளி ஒரு சந்து திறப்பார்கள். அது மூடுவதற்குள் நுழைந்துவிட வேண்டும். நுழைந்தால் நான்கு யார்டு, ஐந்து யார்டு. அப்புறம் யாராவது வந்து தரையில் சாய்ப்பார்கள். எழுந்து வந்து மறுபடியும் அதையே செய்ய வேண்டும். சாண்டர்ஸ் பத்து சீசனில் இப்படி 3,062 முறை பந்தை வாங்கி ஓடினார். இந்த இடத்தில் ஆடுகிறவர்களில் பெரும்பாலானோர் முப்பது வயதைத் தொடுவதற்குள் ஓய்ந்துவிடுவதற்குக் காரணமும் அந்த அடிகள்தான்.

சாண்டர்ஸ் ஐந்தடி எட்டங்குலம், சுமார் 92 கிலோ. கான்சாஸ் மாநிலத்தின் விசிட்டாவில் கூரை வேய்கிற தொழிலாளியின் மகன். ஓக்லஹோமா ஸ்டேட் பல்கலைக்கழகத்தில் முதல் இரண்டு ஆண்டு தர்மன் தாமஸுக்கு மாற்று ஆளாக இருந்தார். தாமஸ் போன பிறகு, 1988இல், 11 ஆட்டங்களில் 2,628 யார்டு. கல்லூரி ஆட்டத்தின் மிகப் பெரிய விருதான ஹைஸ்மன் அந்த ஆண்டு அவருக்குத்தான். மறு ஆண்டு, அணிகள் வரிசையாகப் புதிய ஆட்டக்காரர்களை எடுக்கும் தேர்வில், டெட்ராய்ட் லயன்ஸ் அவரை மூன்றாவது ஆளாகத் தேர்ந்தெடுத்தது.

மற்றவர்கள் திறந்த சந்தில் ஓடுவார்கள். சாண்டர்ஸ் சந்து மூடிய பிறகும் ஓடுவார். வித்தியாசம் அங்கேதான். 1994இல் நியூ இங்கிலாந்துக்கு எதிரான ஆட்டத்தில் ஓர் ஓட்டம் இருக்கிறது, நான் எத்தனை முறை பார்த்தாலும் எனக்கு அலுக்காதது. முன்வரிசையைத் தாண்டி வெளியே வந்துவிட்டார். எதிரே ஹார்லன் பார்னெட், நல்ல தடுப்பாட்டக்காரர், சரியான இடத்தில் காலை ஊன்றி நிற்கிறார். சாண்டர்ஸ் ஒரு பக்கம் உடம்பைக் காட்டுகிறார், பார்னெட் திரும்புகிறார். சாண்டர்ஸ் மறுபக்கம் வெட்டுகிறார், பார்னெட்டால் திரும்பியதை நிறுத்த முடியவில்லை. முழு வட்டம் சுற்றிவிடுகிறார். அவர் மறுபடி நேராகும்போது சாண்டர்ஸ் பக்கத்தில் இல்லை. அந்த ஓட்டம் டச் டவுனில், அதாவது பந்தோடு கடைசிக் கோட்டைத் தாண்டுவதில் முடிந்தது. முடிந்ததும் ஆட்டமில்லை, பாட்டமில்லை. பந்தை நடுவர் கையில் கொடுத்துவிட்டு வந்துவிடுவார், எப்போதும் அப்படித்தான்.

இந்தக் கால்களுக்கு ஒரு விலையும் இருந்தது, அதை மறைக்கக் கூடாது. மூடிய இடத்தில் நின்று வழி தேடுகிறவர் பல முறை தொடங்கிய கோட்டுக்குப் பின்னாலேயே பிடிபடுவார். 1994 சீசனின் பிளே ஆஃபில், அதாவது தோற்றால் வெளியேறும் கடைசிச் சுற்றில், கிரீன் பே அணி அவரை 13 ஓட்டத்தில் மொத்தம் மைனஸ் ஒரு யார்டில் நிறுத்தியது. நேராகப் போய் மூன்று யார்டு எடுக்கத் தெரியாதவர் என்று அவரைக் குறை சொல்கிறவர்கள் இந்த ஆட்டத்தைத்தான் எடுத்துக்காட்டுவார்கள். இருந்தும் மொத்தக் கணக்கைப் பார்த்தால் ஓர் ஓட்டத்துக்கு ஐந்து யார்டு வருகிறது. 1997 சீசனில் முதல் இரண்டு ஆட்டங்களிலும் சேர்த்து 53 யார்டுதான். மீதிப் பதினான்கு ஆட்டங்களில் ஒன்றுவிடாமல் நூறைத் தாண்டி, சீசனை 2,053இல் முடித்தார். பிரெட் ஃபார்வும் அவரும் அந்த ஆண்டின் சிறந்த ஆட்டக்காரர் விருதைப் பகிர்ந்துகொண்டார்கள்.

இனி உங்கள் கேள்விக்கு வருகிறேன். வால்டர் பேட்டனின் 16,726 யார்டுதான் அன்றைய சாதனை. சாண்டர்ஸிடம் 15,269 இருந்தது. அதைத் தொட 1,457 போதும். சுமார் என்று பலர் சொன்ன அவருடைய கடைசி சீசனிலேயே 1,491 எடுத்திருந்தார். இந்தக் கணக்கு உங்கள் நண்பரைப் போலவே அவருக்கும் தெரியும். ஆனால் முதல் சீசனில் நடந்ததை உங்கள் நண்பர் சொன்னாரா? 1989, கடைசி ஆட்டம், அட்லாண்டாவில். லீகிலேயே அதிக யார்டு ஓடியவர் என்ற பட்டத்துக்கு இன்னும் பத்து யார்டு தேவை. ஆட்டம் கையில் இருக்கிறது, இரண்டு முறை பந்தைக் கொடுத்தால் போதும். பயிற்சியாளர் வெய்ன் ஃபான்டெஸ் உள்ளே போகிறாயா என்று கேட்டார். ஜெயித்துவிட்டு வீட்டுக்குப் போகலாம் என்று சொல்லிவிட்டார் இருபத்தொரு வயதுப் பையன். பட்டம் 1,480 யார்டு எடுத்த கிறிஸ்டியன் ஒகோயேவுக்குப் போனது. சாண்டர்ஸ் 1,470இல் நின்றார்.

அவர் விலகிய 1999இல் டெட்ராய்ட்டுக்குப் புதிதாக எதுவும் நடந்துவிடவில்லை என்று நான் நினைப்பது இதனால்தான். பத்து யார்டுக்காக ஒருமுறை உள்ளே போகாதவர் 1,457 யார்டுக்காக ஒரு வருடம் இருப்பார் என்று எதிர்பார்த்தது நாம். யார்டுக் கணக்கு பார்க்கிறவர்களின் ஆசை அது. ஆடியவருக்கு வேண்டியிருந்தது வேறு. 2003இல் எழுதிய தன்வரலாற்றில் அதை அவரே சொல்லியிருக்கிறார்: ஜெயிக்க நினைக்கிற அணியில் இருக்கிறோம் என்ற நம்பிக்கை போய்விட்டது. லயன்ஸ் 1957க்குப் பிறகு சாம்பியன் ஆனதே இல்லை. அவருடைய பத்து ஆண்டில் பிளே ஆஃபில் ஜெயித்தது ஒரே ஒரு ஆட்டம், 1992 ஜனவரியில் டாலஸுக்கு எதிராக 38-6. அடுத்த வெற்றிக்கு 2024 ஜனவரி வரை, முப்பத்திரண்டு ஆண்டு காத்திருக்க வேண்டியிருந்தது. அவருக்கு வழி திறந்தவர்களையும் நிர்வாகம் ஒவ்வொருவராகப் போகவிட்டது. லோமஸ் பிரவுன் 1996இல் அரிசோனா போனார். பல ஆண்டாக லைனின் நடுவில் நிற்கும் சென்டராக இருந்த கெவின் க்ளோவர் 1998இல் சியாட்டில் போனார். அந்த சீசனில் லயன்ஸ் ஐந்து ஆட்டம் ஜெயித்து பதினொன்றில் தோற்றது.

உடம்பு நன்றாக இருந்தது என்கிறீர்கள். உண்மைதான். ஆனால் அவர் கண்முன்னே நடந்தவற்றையும் சேர்த்துப் பாருங்கள். 1991 நவம்பரில் அவருக்கு முன்னால் நின்று வழி திறக்கிற மைக் அட்லி, சொந்த மைதானத்திலேயே கழுத்தெலும்பு முறிந்து நடக்க முடியாதவரானார். 1997 டிசம்பரில், சாண்டர்ஸ் 2,000 யார்டைத் தாண்டிய அதே ஆட்டத்தில், சக ஆட்டக்காரர் ரெஜி பிரவுன் தண்டுவடத்தில் அடிபட்டு மூச்சில்லாமல் தரையில் கிடந்தார். மைதானத்திலேயே முதலுதவி செய்து உயிரை மீட்டார்கள். அவர் பிறகு நடந்தார், ஆனால் மறுபடி ஆடவில்லை. சாண்டர்ஸ் இதனால்தான் விட்டார் என்று நான் சொல்லவரவில்லை. இன்னும் ஒரு சீசன் என்று நாம் சுலபமாகச் சொல்கிறோமே, அதில் இதுவும் அடக்கம்.

சரி, உங்கள் நண்பரின் கோபம். போனதில் தப்பில்லை, போன விதத்தில் தப்பு இருக்கிறது. ஜூலை கடைசி, பயிற்சி முகாம் தொடங்கும் நேரம். சொந்த ஊர் செய்தித்தாளான விசிட்டா ஈகிளுக்கு ஒரு ஃபேக்ஸ் அனுப்பினார்: இந்த ஆட்டத்தில் இருக்க வேண்டும் என்ற ஆசையைவிட விலகும் ஆசை பெரிதாகிவிட்டது என்று. அனுப்பிவிட்டு லண்டன் போய்விட்டார். டெட்ராய்ட்டில் பனிக்காலம் முழுக்கத் தோற்கிற அணிக்காக டிக்கெட் வாங்கி உட்கார்ந்திருந்தவர்கள் அவருக்காகத்தான் உட்கார்ந்திருந்தார்கள். அவர்களுக்கு நேரில் நின்று நாலு வார்த்தை சொல்லியிருக்கலாம், சொல்லியிருக்க வேண்டும். நிர்வாகத்தோடு அவருக்குப் பிணக்கு இருந்தது, மக்களோடு இல்லையே. இதில் நான் உங்கள் நண்பர் பக்கம். அதே சமயம், 1.1 கோடி டாலர் போனஸில் ஆடாத ஆண்டுகளின் பங்கைத் திருப்பிக் கொடு என்று வழக்காடி வாங்கிய நிர்வாகத்தை என்னால் மன்னிக்க முடியவில்லை. சட்டப்படி அது சரி, நடுவரும் அப்படித்தான் தீர்ப்புச் சொன்னார். ஆனால் பத்து ஆண்டும் ஆயிரம் யார்டுக்குக் குறையாமல் ஓடித்தந்த ஒருவரிடம் கேட்கிற கணக்கா அது? கால்வின் ஜான்சன் 2015 சீசனோடு ஓய்வு பெற்றபோதும் போனஸில் ஒரு பகுதியைக் கேட்டு வாங்கினார்கள். அவருக்கு அப்போது முப்பது வயதுதான்.

எம்மிட் ஸ்மித்தைச் சிறுமைப்படுத்த எனக்கு மனமில்லை. 4,409 ஓட்டம், 18,355 யார்டு, மூன்று சூப்பர் பௌல் சாம்பியன் பட்டம். இவ்வளவு காலம் அடி வாங்கிக்கொண்டு நின்றதே பெரிய சாதனை. டாலஸ் லைன் நல்ல லைன் என்று சொல்லி அதைக் குறைக்க முடியாது. அவரை ஓட்டியது அந்த எண், ஆரம்பத்திலிருந்தே அதைக் குறிவைத்தவர், அதற்கான விலையையும் கொடுத்தார். ஆனால் யார் பெரிய ஆட்டக்காரர் என்று கேட்டால், நான் தயங்காமல் சாண்டர்ஸ் என்பேன். லைன் உடைந்த பிறகு தொடங்குகிற ஓட்டத்தை அவரளவுக்கு யாரிடமும் நான் பார்த்ததில்லை.

2004இல் முப்பத்தாறு வயதில் அவரை, சிறந்த ஆட்டக்காரர்களைக் கௌரவிக்கும் ஹால் ஆஃப் ஃபேமில் சேர்த்தார்கள். 2023 செப்டம்பரில் லயன்ஸின் மைதானமான ஃபோர்ட் ஃபீல்டுக்கு வெளியே சிலையும் வைத்துவிட்டார்கள், உங்கள் ஊரிலிருந்து அரைமணி நேரம்தான். நண்பரோடு ஒருமுறை போய்வாருங்கள். அதைவிட முக்கியமாக, 1997 அக்டோபரில் டாம்பா பேவுக்கு எதிரான ஆட்டம் முழுதாகக் கிடைத்தால் இருவரும் உட்கார்ந்து பாருங்கள். 80 யார்டு ஒன்று, 82 யார்டு ஒன்று, இரண்டு டச் டவுன் அதில் இருக்கின்றன. வெட்டி ஒட்டிய துண்டுப் படங்களைப் பார்க்காதீர்கள். அவற்றில் அவர் பின்னால் பிடிபட்ட ஓட்டங்கள் இருக்காது, அவை இல்லாமல் அந்த 82 யார்டு எங்கிருந்து வந்தது என்று தெரியாது.

அன்புடன்